மேனேஜர் தனியாக இருக்கிறார்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை. வெளியே போகிற உடையை உடுத்தி, கைப்பையைத் தோளில் மாட்டி, வீட்டுச் சாவியைச் சுண்டுவிரலில் கோத்துக்கொண்டு, அவள் சமையல் மேடை முன்னால் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு எங்கேயும் போகப் போவதில்லை. போகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் போகக் கூடாது. ஒரு வாரமாக அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த கூத்து இதுதான்.

சமையலறை வாசலில் படுத்திருந்த மேனேஜர் கைப்பையைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். பிறகு முன்னங்கால் மேல் முகவாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா, பையப் பாத்தும் எழுந்திருக்கல," என்று அவள் குரலைத் தாழ்த்திக் கணவனிடம் சொன்னாள்.

மேனேஜர் என்பது நாய். பழுப்பும் வெள்ளையுமாக, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து, உருவத்தில் சுமாரானவர். வீட்டுக்கு யார் வந்தாலும் பையை முகர்ந்து சோதித்து, அறை அறையாகப் போய்ப் பார்வையிட்டு, கடைசியில் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பார். அதனால் வந்த பெயர். பெயருக்கு ஏற்ற மரியாதையும் அந்த வீட்டில் அவருக்கு உண்டு.

அவர் வந்த விதம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைத்துவிட்டுத் தன் வீட்டுக்கு மூன்று மாடி நடந்து ஏறுகிற மனிதர். ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்தபோது, எண்ணெய்ப் பிசுக்கோடு மூலையில் ஒண்டிக்கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். அப்போது அவள் வேலையை விட்டு வீட்டில் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள், மாமியார் படுத்த படுக்கையானதும் வேலையை விட்டாள். மாமியார் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. அந்த வெறுமைக்குள்தான் மேனேஜர் வந்து சேர்ந்தார். வந்ததிலிருந்து ஒரு நாள்கூட அவர் தனியாக இருந்ததில்லை.

இப்போது அவளுக்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தெரு க்ளினிக்கில் எக்ஸ்ரே அறை அவள் பொறுப்பு. திங்கட்கிழமை காலை சேர வேண்டும்.

போன வாரம் அவள் சும்மா கடை வரைக்கும் போய்ப் பார்த்தாள். திரும்பி வருவதற்குள் மேனேஜர் போட்ட ஓலத்தில் கட்டடமே வாசலுக்கு வந்துவிட்டது. மிதியடி நார் நாராகக் கிடந்தது. வீட்டுக்காரர் படியேறி வந்து கதவிலிருந்த நகக் கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகவும், கீழ்வீட்டு டீச்சரை விசாரிப்பதாகவும், அதற்குள் சத்தம் நிற்கவில்லையென்றால் நாயை வேறு இடம் பார்த்து அனுப்பிவிடும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவே மெக்கானிக்கின் அக்கா, அவளுக்கு அண்ணி, ஃபோன் செய்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷத்துக்கு அப்புறம் வேலைக்குப் போயித்தான் ஆகணுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு வைத்துவிட்டாள். அண்ணியின் அந்தக் கேள்வி ஒரு வாரமாக அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஆனால் அவள் உட்கார்ந்து அழவில்லை. மறுநாளே மேனேஜரை நாய் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த டாக்டர் சின்னப் பெண். மேனேஜரை மேசையில் ஏற்றவில்லை, தானே தரையில் உட்கார்ந்துகொண்டாள். எல்லாவற்றையும் கேட்ட பிறகு, இவருக்கு இது கொழுப்பும் இல்லை, பழிவாங்கலும் இல்லை, வெறும் பயம் என்றாள். நீங்கள் பையை எடுத்ததுமே அவருக்கு அந்தப் பயம் ஆரம்பித்துவிடுகிறது. அதனால் பையை எடுங்கள், போகாதீர்கள். செருப்பைப் போடுங்கள், உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். கதவைத் திறந்து வெளியே போங்கள், அவர் அழ ஆரம்பிப்பதற்குள் உள்ளே வந்துவிடுங்கள். அடக்க முடியாமல் அழுகிற அளவுக்கு ஒரு தடவைகூட விட்டுவிடாதீர்கள். கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், மூச்சிரைத்தால், அதுதான் அவருடைய எல்லை, அதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள். திட்டாதீர்கள். போகும்போது விடை பெறாதீர்கள், வரும்போது கொண்டாடாதீர்கள்.

இதை மெக்கானிக்கிடம் சொன்னவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. புது லிஃப்டை இப்படித்தான் பழக்குவோம், முதலில் காலியாக ஓடவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றிப் பார்ப்போம் என்றார். அவளுக்குத்தான் கடைசி விஷயம் கைவரவில்லை. கதவருகே போனாளென்றால், "அம்மா இப்ப வந்துடுவேன்டா கண்ணு, பயப்படக் கூடாது, என்ன," என்று தழுதழுத்துவிடுவாள். போருக்குப் போகிறவர்கள்கூட இப்படி விடைபெற்றிருக்க மாட்டார்கள் என்று மெக்கானிக் கேலி செய்தார்.

அதிலிருந்து ஆரம்பித்தது கூத்து. காலையில் அவள் கைப்பையோடு வெளியே வந்து, கதவைச் சாத்தி, படியில் நின்று, உள்ளே போவாள். சற்று நேரத்தில் மறுபடி வருவாள், இந்தத் தடவை ஒரு மாடி இறங்குவாள், ஏறுவாள். மாலையில் மெக்கானிக் தானும் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி சீருடையோடு வெளியே வந்து படிக்கட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்து, உள்ளே சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். பிறகு அவள் கதவைத் திறப்பாள், உள்ளே போவார். கீழ்வீட்டு டீச்சர் கதவிடுக்கு வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

மேனேஜர் தேறிக்கொண்டே வந்தார். முதலில் பையை மறந்தார். பிறகு சாவிச் சத்தத்தை. வியாழக்கிழமை அவள் தெருமுனை வரை போய்த் திரும்பியபோது, கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார், ஆனால் அழவில்லை.

இன்று முழு ஒத்திகை. இருவரும் சேர்ந்து போகிறார்கள்.

காலையிலேயே மெக்கானிக் மேனேஜரைப் பூங்கா வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய், ஒவ்வொரு கம்பத்தையும் நிதானமாக முகரவிட்டு, நாக்கு தொங்கக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். படிக்கட்டுப் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள். ரேடியோவை முணுமுணுப்பாக வைத்தார்கள். நடுவில் குடைவாக இருக்கிற ரப்பர் பொம்மைக்குள் வெந்த கோழியைப் பிசைந்து அடைத்து, கூடத்து மூலையில் அவர் பாயின் மேல் வைத்தார்கள். மெக்கானிக்கின் பழைய கைபேசியைப் புத்தக அலமாரியில் இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவில் சொருகி, கேமரா மட்டும் எட்டிப் பார்க்கும்படி வைத்து, அவளுடைய கைபேசியோடு வீடியோவில் இணைத்தார்கள். அங்கே நடப்பது இவர்களுக்குத் தெரியும், கேட்கும். இவர்கள் குரல் அங்கே கேட்காது.

கதவருகே வந்ததும் அவள் உதடு துடித்தது. மெக்கானிக் அவளைப் பார்த்தார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி வெளியே நடந்தாள்.

எதிர்ச்சாரியில் ஒரு பேக்கரி இருந்தது. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு, கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள்.

மேனேஜர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். வால் தாழ்ந்திருந்தது. நிமிர்ந்த காதும் இறங்கிவிட்டது. கதவடியில் மூக்கை வைத்து நீளமாக இழுத்தார். திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

மெக்கானிக் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் முகம் சிவந்து, கன்னம் உப்பி, கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷம் எக்ஸ்ரே அறையில் மற்றவர்களை மூச்சடக்கச் சொன்னவள்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சு. இப்ப மூச்சு விடலாம்," என்றார்.

அவள் விட்டாள். அங்கே மேனேஜரும் பெருமூச்சு விட்டு, பாயை நோக்கி நடந்து, ரப்பர் பொம்மையை முன்னங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நக்க ஆரம்பித்தார். நக்குகிற சத்தம் கைபேசியில் சளப் சளப் என்று கேட்டது. அதைவிட இனிமையான சங்கீதத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

டீ வந்தது. இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அங்கே கூடத்தில் மேனேஜர் சட்டென்று தலையைத் தூக்கினார்.

கதவு திறந்தது. அண்ணி உள்ளே வந்தாள்.

மாமியார் படுத்திருந்த நாளிலிருந்து அண்ணியிடம் ஒரு சாவி உண்டு. அதை அவர்கள் மறந்தே போயிருந்தார்கள். அண்ணி கூடத்தில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். சமையலறையில் எட்டிப் பார்த்தாள். பாதி நறுக்கிய வெங்காயத்தைக் கண்டதும் அவள் கை வாய்க்குப் போனது. கூடத்து நாற்காலியில், அலமாரிக்கு நேர் எதிரே, தொப்பென்று உட்கார்ந்தாள்.

எல்லாம் பாழ் என்று பேக்கரியில் அவள் நினைத்தாள். அண்ணிக்கு நாய் என்றால் ஆகாது. வரும்போதெல்லாம் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லு என்பாள். மேனேஜரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எழுந்து ஓடலாமா என்று கணவனிடம் கேட்டாள். மெக்கானிக் கண்ணைக் கைபேசியிலிருந்து எடுக்காமல் மெதுவாக அவள் கையைப் பிடித்தார்.

அங்கே அண்ணி வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கைப்பையைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள்.

"வாடா, மேனேஜரு. வா. என் தங்கம்."

மேனேஜர் ஓடி வந்து, பழகிய இடம் மாதிரி அவள் மடியில் தலையை வைத்தார். அண்ணி அவருடைய மடிந்த காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள். பேக்கரியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாயத் தொட்டா கை அரிக்கும்னு சொன்னது இவங்கதானே?" என்றார் மெக்கானிக்.

அண்ணி பேச ஆரம்பித்தாள். ஆளில்லாத வீட்டில் நாயிடம் பேசுகிற குரல், அடக்கமே இல்லாமல் தெளிவாகக் கேட்டது.

"போயிட்டாளாடா உங்கம்மா? டீச்சர் சொன்னப்ப நான் நம்பல. தினம் பையத் தூக்கிட்டு வெளிய வராளாம், அவன் படியில தலைல கைய வச்சிட்டு உக்காந்திருக்கானாம். நானும் சரி, புருஷன் பொண்டாட்டி சண்டைன்னுதான் நினைச்சேன். நிஜமாவே போயிட்டா." ஒரு பிஸ்கட்டை உடைத்துக் கொடுத்தாள். "போகட்டும். நானா இருந்தா எப்பவோ போயிருப்பேன்."

மெக்கானிக்கின் வாய் திறந்தது. திறந்தபடி நின்றது.

"என் தம்பி நல்லவன்தான். வேலைய விடுன்னு அவன் சொல்லல. ஆனா அவ விட்டப்ப, விடாதேன்னும் சொல்லல. பெத்த பொண்ணு நான் இருந்தேன். பெத்த பையன் அவன் இருந்தான். எங்கம்மாவத் தூக்கி உக்கார வச்சது யாரு? குளிப்பாட்டித் தலை சீவி விட்டது யாரு? நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பழம் வாங்கிட்டு வந்தேன். அவ்வளவுதான். அவகிட்ட ஒரு நாளாவது வாயத் திறந்து ஒரு வார்த்தை நல்லதா சொன்னேனா? இப்ப அவளா ஒரு வேலை தேடிக்கிட்டா, அதுக்கும் போயித்தான் ஆகணுமான்னு கேட்டேன். வேற என்னடா அது, வயித்தெரிச்சல்."

மேனேஜர் அவள் கையிலிருந்த பிஸ்கட் தூளை மரியாதையாக நக்கினார்.

பேக்கரியில் அவள் கையை நீட்டிக் கைபேசியின் சத்தத்தை முழுவதும் குறைத்தாள். இதற்கு மேல் கேட்பது முறையில்லை என்று தோன்றியது. அண்ணியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்து, படத்தில் அண்ணியும் நாயும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தார்கள். நெஞ்சிலிருந்த முள் எப்போது விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மெக்கானிக்கின் காது நுனிகள் சிவந்திருந்தன. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்த நேரத்தில் அவருடைய கைபேசி அடித்தது. அக்கா. படத்தில் அண்ணி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் பழைய கண்டிப்பான முகமாக மாறியிருந்தது.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். எதிர் பேக்கரியில் என்றார். உன் பொண்டாட்டி எங்கே என்றாள். பக்கத்தில்தான் என்றார்.

படத்தில் அண்ணியின் புருவம் ஏறியது.

"பேக்கரியிலயா? சண்டை போட்டுட்டு ரெண்டு பேரும் பன் சாப்பிடுறீங்களா?"

"சண்டையே இல்லக்கா. நீ இறங்கி வா, சொல்றேன். வரும்போது அவர்கிட்ட எதுவும் சொல்லாத. சும்மா எழுந்து வா."

"எவர்கிட்ட?"

"மேனேஜர்கிட்ட."

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டுவிட்டு அண்ணி வைத்தாள். அவளுக்கு எப்போதுமே விடைபெறுகிற பழக்கம் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சு முடிந்தால் எழுந்து நடந்துவிடுவாள். இன்றும் அப்படித்தான். மடியிலிருந்த தூளைத் தட்டினாள், பையை எடுத்தாள், போனாள். கதவு மூடிக்கொண்டது.

பேக்கரியில் அவள் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இதுதான் கஷ்டமான கட்டம். வந்தவர் போவது, இருந்தவர் போவதைவிட மோசம் என்று நாய் டாக்டர் சொல்லியிருந்தாள்.

மேனேஜர் கதவு வரை போனார். முகர்ந்தார். ஒரு கொட்டாவி விட்டார். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழப் போனாள். மெக்கானிக் பொறு என்று கை காட்டினார். மேனேஜர் உடம்பை ஒரு தடவை உதறினார், குளித்து வந்த மாதிரி, மூக்கிலிருந்து வால் வரைக்கும். பிறகு திரும்பி வந்து, அண்ணி உட்கார்ந்திருந்த நாற்காலியை முகர்ந்து பார்த்தார். அதன் மேல் ஏறக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஏறினார். ஒரு சுற்றுச் சுற்றி, சூடு ஆறாத இடமாகப் பார்த்துச் சுருண்டுகொண்டார்.

அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

அண்ணி பேக்கரிக்குள் வந்தபோது, சமாதானம் பேச வந்தவளின் முழு வேகத்தோடு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தம்பியை ஒரு முறை முறைத்தாள். மெக்கானிக் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னார். கைப்பை ஏன், படிக்கட்டு ஏன், தலையில் கை ஏன் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். கேட்கக் கேட்க அண்ணியின் முகத்திலிருந்த கண்டிப்பு ஓரம் ஓரமாகக் கழன்றது. ஒரு நாய் அழாமல் இருப்பதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரமாகப் படியேறி இறங்கினீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள். அதை டீச்சர் சொல்லக் கேட்டா நான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தேன் என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போதுதான் அண்ணியின் கண் சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்த கைபேசியில் விழுந்தது. அதில் தம்பி வீட்டுக் கூடம் தெரிந்தது. அவள் எழுந்து வந்த நாற்காலி தெரிந்தது.

அண்ணியின் குரல் இறங்கியது. "அப்போ, நான் அங்க இருந்தப்ப?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் அவள் அவர் காலை மிதித்தாள்.

"சத்தத்தக் குறைச்சு வச்சிருந்தேன் அண்ணி," என்றாள். "படம் தெரிஞ்சுது."

அண்ணி அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் தலையைக் குனியவும் இல்லை, கண்ணைத் திருப்பவும் இல்லை.

"பிஸ்கட்?"

"அது நல்லாவே தெரிஞ்சுது."

அண்ணி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அண்ணி அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. உன்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் வெங்காயம் வாங்கப் போகிறபோதெல்லாம் இவருக்கு பிஸ்கட் நடந்துகொண்டிருந்ததா என்று மெக்கானிக் கேட்க, பிறகு மூன்று பேருக்குமே சிரிப்பு அடங்கவில்லை. அண்ணி ஒரு பன் சொன்னாள். பிறகு எல்லோருக்கும் ஒன்று சொன்னாள். க்ளினிக்கில் எத்தனை மணிக்குப் போக வேண்டும், எப்போது வருவாய், எக்ஸ்ரே மெஷின் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரோடு வருகிறதாமே, உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டுக்கொண்டே போனாள். அவளும் சொல்லிக்கொண்டே போனாள். முதல் நாள் தடுமாறிவிடுவோம் என்று பயந்து, வீட்டில் மெக்கானிக்கைச் சுவரோரம் நிறுத்தி, நெஞ்சை முன்னால் கொடுங்க, தோளை இறக்குங்க என்று பழகிப் பார்த்ததைச் சொன்னாள். இந்த வீட்டில் பழக்கம் கொடுப்பது நாய்க்கு மட்டுமில்லை என்றார் மெக்கானிக்.

கடைக்காரர் வந்து மேசையைத் துடைத்து, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். கேட்ட விதத்தில், வேண்டாமென்றால் எழுந்திருக்கலாம் என்பதும் இருந்தது. அவள் தெருவைப் பார்த்தாள். வெயில் எதிர்ச் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது. திடுக்கிட்டுக் கைபேசியை எடுத்தாள். ஒத்திகை என்று ஒன்று நடந்துகொண்டிருப்பதையே மூன்று பேரும் மறந்துபோயிருந்தார்கள்.

படத்தில் மேனேஜர் அதே நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். நான்கு கால்களும் நான்கு திசையில். வாய் லேசாகத் திறந்து, நாக்கு நுனி ஒரு பக்கமாக வெளியே தொங்கியது. ஒரு காலை மட்டும் கனவில் உதைத்தார்.

அவள் கைபேசியைத் திருப்பிக் கணவனிடம் காட்டினாள். பிறகு அண்ணியிடம் காட்டினாள். கடைக்காரரிடமும் காட்டினாள். அவர் விவரம் தெரியாமல், நல்ல நாய் என்றார்.

படியேறும்போது மெக்கானிக் வேண்டுமென்றே பின்தங்கினார். அண்ணி முதல் மாடியைத் தாண்டியதும், மனைவியின் காதருகே, அன்றைக்கு நான் வேலையை விடாதே என்று சொல்லியிருக்க வேண்டும் என்றார். அவளுக்கு ஏதேதோ சொல்லத் தோன்றியது. ஆனால் மனசு இவ்வளவு லேசாக இருக்கிற நேரத்தில் பழைய மூட்டையை எதற்கு அவிழ்ப்பது.

"திங்கக்கிழமைலேருந்து காலை சமையல் உங்களுது," என்றாள்.

மெக்கானிக் வேகமாகத் தலையாட்டினார். தப்பித்தோம் என்கிற ஆட்டல் அது.

இரண்டாவது மாடியில் கீழ்வீட்டு டீச்சர், தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். அண்ணியையும், பின்னால் வந்த இருவரையும், இருவரும் கைகோத்திருப்பதையும் பார்த்து, நிம்மதியா சங்கடமா என்று தெரியாத ஒரு முகத்தோடு, நாய்க்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை, அதுதான் பயந்துவிட்டேன் என்றார். தூங்குகிறார் என்று அவள் சொன்னாள். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாளைக்கு வீட்டுக்காரர் கேட்டால் அதையே சொல்லிவிடுகிறேன், தூங்குகிறார் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். அவரும் மரியாதையில் சேர்ந்துகொண்டதைக் கேட்டு அண்ணி மறுபடி கைக்குட்டையைத் தேடினாள்.

உள்ளே போவதற்கு முன் அவள் இருவருக்கும் விரலை உயர்த்தி எச்சரித்தாள். யாரும் கொஞ்சக் கூடாது, கூவக் கூடாது. கடைக்குப் போய் வந்த மாதிரி வர வேண்டும். அப்படியே வந்தார்கள். மேனேஜர் நாற்காலியிலிருந்து தடாலென்று இறங்கி, தான் எதுவும் செய்யவில்லை என்கிற முகத்தோடு வாலை ஆட்டிக்கொண்டு வந்தார். அவள் நேராகச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். மெக்கானிக் ரேடியோவை நிறுத்தினார். மேனேஜர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவள் காலடியில் அமைதியாக உட்கார்ந்த பிறகுதான் அவள் குனிந்து, இரண்டு கையாலும் அவர் முகத்தை ஏந்தி, நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். அவ்வளவு நேரமும் அவருடைய வால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

நிமிர்ந்தபோது அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. புடவைத் தலைப்பை நீவினாள். பாதியில் கிடந்த வெங்காயத்தைப் பார்த்தாள். கத்தியை எடுத்துத் தானே நறுக்க ஆரம்பித்தாள்.

"அந்த க்ளினிக்ல," என்றாள், தலையைத் தூக்காமலே, "வரவங்க பேர எழுதிக்க, ஃபோன் எடுக்க, அந்த மாதிரி ஆள் ஏதாவது தேடுறாங்களா?"

"முன் மேசைக்கு ஆள் வேணும்னு டாக்டர் சொல்லிட்டிருந்தாரு. யாருக்கு அண்ணி?"

கத்தி நின்றது. வெங்காயத்துக்கு மேல் அண்ணியின் காது நுனி, தம்பியுடையது மாதிரியே, சிவந்துகொண்டு வந்தது.

அவள் புரிந்துகொண்டாள். வாய் நிறையச் சிரிப்பு வந்தது. அதை வெளியே விடாமல், எத்தனை மணிக்குப் போக வேண்டியிருக்கும், எவ்வளவு தூரம், சொன்னால் இன்றைக்கே டாக்டரிடம் பேசுகிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். அண்ணியும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டாள். அண்ணியின் கணவரிடம் சொல்லியாயிற்றா என்று மட்டும் அவள் கேட்கவில்லை. தன் வீட்டுப் பெண் வெளியே போய்ச் சம்பாதிப்பதா என்று ஊர் கேட்கப் பேசுகிற மனிதர் அவர்.

கூடத்திலிருந்து மெக்கானிக் கைபேசியோடு வந்தார். கைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அத்தான்தான் கூப்பிடுறாரு. நீ இங்க வந்தியான்னு கேக்கத்தான் போல. என்ன சொல்லட்டும்?"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கணம் அவளைப் பார்த்தாள், பிறகு தம்பியிடம் கையை நீட்டினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். குடு, நானே பேசறேன்."